சாட்சிக் கையெழுத்து

தினேஷ்,

இந்தக் கடிதத்தை திங்கட்கிழமை போட நீ இஸ்திரி போட்டு வைத்த சட்டைக்கு அடியில் வைக்கப்போகிறேன். நேரில் சொல்லியிருக்க வேண்டும். ஐந்து நாளாக முயன்றும் வாய் வரவில்லை. போன செவ்வாய்க்கிழமை வேலை உத்தரவைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, "எச்ஆர் எக்சிகியூட்டிவ்மா! தண்டலம் காலேஜ்ல எங்க பேட்ச்லயே எனக்குதான் மொதல்ல கெடச்சிது" என்றாய். நான் உன்னைக் கட்டிக்கொண்டேன். கேசரி கிளறுகிறேன் என்று சமையலறைக்குப் போனேன். அந்தக் காகிதத்தின் அடியில் கையெழுத்துப் போட்டிருந்தவன் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் போனேன் என்பதை நீ கவனிக்கவில்லை. அடுப்பைப் பற்றவைக்காமலேயே வாணலியைப் பார்த்தபடி நின்றிருந்தேன். கருணாகரன். பதினான்கு வருடமாக நான் வெறுக்கிற பெயர். அவர் என்று எழுத எனக்குக் கை வராது, பொறுத்துக்கொள். "சொல்லாத, பையனுக்கு நல்ல வேல" என்கிறார் உன் அப்பா. நான் சொல்லப்போகிறேன்.

உன் மாமன் ஏழுமலைக்கு வலது கையில் மூன்று விரல் இல்லை. மெஷினில் மாட்டிக்கொண்டது என்பதற்கு மேல் உன்னிடம் நாங்கள் எதுவும் சொன்னதில்லை. அப்போது நீ நான்காம் வகுப்பு. ஒரகடத்தில் கார் கதவுக்குத் தகடு அழுத்தும் கம்பெனி ஒன்றில் அவன் காண்ட்ராக்ட் ஆளாக இருந்தான். கை உள்ளே இருந்தால் மெஷின் இறங்காமல் தடுக்க அதில் ஒரு சென்சார் உண்டு. அன்றைக்கு டார்கெட் எட்டவில்லை என்று சூப்பர்வைசர் அதை அணைத்து வைத்திருந்தார். மெஷின் இறங்கிவிட்டது. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது கையை ஒரு பெரிய வெள்ளை மூட்டைபோலக் கட்டியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "யக்கா, வூட்ல சொல்லிட்டியா? கலா அழுவுதா?" என்பது. கலா அத்தைக்கு அப்போது ஏழாவது மாதம்.

மறுநாள் மதியம் கருணாகரன் வந்தான். கம்பெனியின் எச்ஆர் அதிகாரி. ஒரு கையில் ஆப்பிள் பை, இன்னொரு கையில் ஃபைல். அவன் நல்லவனாகத்தான் தெரிந்தான், தினேஷ். அதை மறைக்கமாட்டேன். கட்டிலருகில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஏழுமலையின் தோளைத் தொட்டு, "தைரியமா இருங்க, கம்பெனி உங்கள கைவிடாது" என்றான். பிறகு இரண்டு பக்கம் ஆங்கிலத்தில் டைப் அடித்த ஒரு தாளை எடுத்தான். "சின்ன ஃபார்மாலிட்டி. ஒரு சைன் போட்டா மத்த வேலையெல்லாம் நான் பாத்துக்கறேன்." ஏழுமலை பெருமையோடு என்னைக் காட்டினான். "எங்க அக்கா டீச்சர் சார். அது படிச்சு சொல்லட்டும்."

"ஓ, டீச்சரா! ரொம்ப நல்லதா போச்சு. படிச்சுப் பாருங்க மேடம்" என்று தாளை என்னிடம் நீட்டினான்.

நான் தமிழாசிரியை. நம் தெருவில் முதலில் பட்டம் வாங்கியவள். எனக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டி வாசிக்க வரும், நாலு வாக்கியம் பேச வரும். ஆனால் அந்தத் தாளில் இருந்த ஆங்கிலம் எனக்குப் புரியவில்லை. ஒவ்வொரு வாக்கியமும் ஆறு ஏழு வரி நீண்டது. பக்கத்துக் கட்டில்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். நர்ஸ் பார்த்தாள். தம்பி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். புரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் என்ன செய்தேன் தெரியுமா? எவ்வளவு நேரம் பார்த்தால் படித்ததுபோல இருக்கும் என்று யோசித்து, அவ்வளவு நேரம் வரிகளின் மேல் கண்ணை ஓட்டினேன். சரியான சமயத்தில் பக்கத்தைத் திருப்பினேன். இரண்டு இடத்தில் தலையைக்கூட ஆட்டினேன். பிறகு, "சரியாத்தான் இருக்கு, போடுடா" என்றேன். அவன் இடது கையால், குழந்தை எழுதுவதுபோலக் கோணல்மாணலாகப் பெயரை எழுதினான். "சாட்சிக்கு நீங்களும் ஒண்ணு போட்டுடுங்க மேடம்" என்று கருணாகரன் பேனாவைத் திருப்பி என்னிடம் கொடுத்தான். போட்டேன். பெயருக்குக் கீழே 'ஆசிரியை' என்றும் எழுதினேன். யாரும் கேட்கவில்லை. நானாகவே எழுதினேன்.

இரண்டு மாதம் கழித்துக் கை ஆறியதும் வேலைக்குப் போனவனைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். செக்யூரிட்டி லிஸ்ட்டைப் பார்த்து, "உன் பேரு இல்லப்பா. நீயே வேலய வுட்டுட்டன்னு போட்டுகீது" என்றார். கெஞ்சிக் கூத்தாடி அந்தத் தாளின் ஜெராக்ஸ் ஒன்றை வாங்கி என்னிடம் கொண்டுவந்தான். அடுத்த நாள் பள்ளிக்கூடத்து நூலகப் பீரோவைத் திறந்து, தூசி தட்டி, பெரிய அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தேன். நான்கு நாள் மதிய உணவு இடைவேளை அதற்கே போனது. சென்சாரை அணைத்தது தானேதான், விபத்துக்குத் தன் அலட்சியம்தான் காரணம், கம்பெனிமேல் எந்தக் கோரிக்கையும் வைக்கமாட்டேன், வேலையிலிருந்து முழு விருப்பத்தோடு விலகுகிறேன். அவ்வளவும் அதில் இருந்தது. அத்தனைக்கும் அடியில் என் கையெழுத்தும் என் உத்தியோகமும்.

அரசு அலுவலகத்துக்கு மனு எடுத்துப் போனோம். அங்கிருந்த அதிகாரி கெட்டவர் இல்லை. தாளை இரண்டு முறை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "சாட்சி கையெழுத்து உங்களுதாம்மா? டீச்சரா? அப்ப படிச்சுப் பாத்துதானே போட்டிருப்பீங்க?" என்று கேட்டார். பொய் சொன்னால் தம்பிக்குத் துரோகம். உண்மை சொன்னால் நான் படிக்கத் தெரியாத டீச்சர். நான் வாயைத் திறக்கவில்லை. அதோடு எல்லாம் முடிந்துபோனது. வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது உன் மாமன் எனக்கு ஆறுதல் சொன்னான். "வுடு யக்கா, அவன் ஏமாத்திட்டான், நீ இன்னா பண்ணுவ." அவன் திட்டியிருந்தால் நான் கொஞ்சம் சீக்கிரம் மனுஷியாகியிருப்பேன்.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பீரோவின் சாவி அதற்கு முன்பே ஆறு வருடமாக என் கையில்தான் இருந்தது. நூலகப் பொறுப்பு ஆசிரியை என்று எனக்குப் பெயர். இயற்பியல் ஆய்வகத்தின் மூலையில் மூன்று இரும்புப் பீரோ, அதுதான் நூலகம். புத்தகம் தொலைந்தால் பொறுப்பு ஆசிரியர்தான் பதில் சொல்ல வேண்டும் என்பதால் நான் யாருக்கும் கொடுத்ததில்லை. "இதுங்க எங்க டீச்சர் படிக்கப்போவுதுங்க, பத்தாவது முடிச்சா கம்பெனி பஸ் ஏறப்போவுதுங்க" என்பார் தலைமையாசிரியர். நானும் சிரிப்பேன். என் தம்பியும் அதே பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டுக் கம்பெனி பஸ் ஏறியவன்தான். எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்கு எங்களை விட்டார்கள். அதற்கு மேல் இருந்ததைப் பூட்டி வைத்து, சாவியை எங்களில் ஒருத்தியிடமே கொடுத்து வைத்தார்கள். இது புரிய எனக்கு மூன்று விரல்கள் போக வேண்டியிருந்தது.

அந்த நாளிலிருந்து கருணாகரனை நான் விடவில்லை. அவன் பதவி உயர்ந்தது, கார் வாங்கியது, சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் மனை வாங்கி வீடு கட்டியது, எல்லாம் எனக்குத் தெரியும். அவனுக்கு ஏதாவது வரவேண்டும் என்று நான் வேண்டாத தெய்வமில்லை. நீ எட்டாவது படிக்கும்போது அவனே என் கைக்குள் வந்தான். கம்பெனி சார்பில் நம் பள்ளிக்கூடத்துக்குப் புது நூலகம். கண்ணாடி அலமாரி, வண்ண நாற்காலி, அதற்கொரு திறப்பு விழா. சிறப்பு விருந்தினர் கருணாகரன். நன்றியுரை நூலகப் பொறுப்பு ஆசிரியை. அழைப்பிதழைப் பார்த்ததும் எனக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது.

பந்தல் போட்டு, பெற்றோர்கள் வந்து, பஞ்சாயத்துத் தலைவர் எல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். கருணாகரன் வாசிப்பின் மகத்துவத்தைப் பற்றி இருபது நிமிடம் பேசினான். என்னை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. என் முறை வந்தது. தலைமையாசிரியருக்கும் பஞ்சாயத்துத் தலைவருக்கும் நன்றி சொன்னேன். பிறகு, "நமது சிறப்பு விருந்தினர் எழுதிய ஒன்றை உங்களுக்கு வாசித்துக் காட்ட விரும்புகிறேன்" என்று அந்த ஜெராக்ஸை எடுத்து, நான் செய்து வைத்திருந்த தமிழில் வாசித்தேன். ஏழுமலையின் பெயர், மெஷின் பெயர், சென்சார், அலட்சியம், முழு விருப்பம். ஒரு சொல் விடவில்லை. கருணாகரன் முதலில் சிரித்த முகத்தோடு கேட்டான். பாதியில் அவனுக்குப் புரிந்தது. தண்ணீர் பாட்டிலைத் திறந்தவன் குடிக்காமல் மூடினான். மறுபடி திறந்தான். தலைமையாசிரியர் மைக்கைப் பிடுங்க எழுந்தார். அப்போது பின்வரிசையில் கம்பெனி யூனிஃபார்மோடு நின்றிருந்த ஒரு பெண், "டீச்சர், கடசி வரிய இன்னொரு வாட்டி படிங்க" என்று கத்தினாள். படித்தேன். மைக் இல்லாமலே பந்தல் முழுக்கக் கேட்கிற மாதிரி படித்தேன். என் ஆயுளில் அப்படி ஒரு ருசியை நான் அறிந்ததில்லை. நீ பிறந்த நாளைக்கூட அதற்குப் பக்கத்தில்தான் வைப்பேன்.

நேராக உன் மாமன் வீட்டுக்குப் போனேன். ஒரகடம் கூட்ரோட்டில் அவனும் கலாவும் டிபன் வண்டி போட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. அவன் மாவு கரைத்துக்கொண்டிருந்தான். செய்தி எனக்கு முன்பே அவனிடம் போயிருந்தது. கட்டிப்பிடித்து அழுவான் என்று நினைத்தேன். அவன் தலையைத் தூக்கவே இல்லை.

"எல்லார் எதிர்லயும் என் பேர படிச்சியாமே?"

"அவன் மூஞ்சிய நீ பாத்திருக்கணும்டா."

"ஒண்ணு கேக்கறேன். சாட்சி யாருன்னு படிச்சியா?"

அவன் மாவு கரைப்பதை நிறுத்தினான்.

"நீ போடுன்னு சொன்னதாலதான் நான் போட்டேன். அதையும் சேத்துப் படிச்சியா யக்கா? எல்லாத்தயும் படிச்சுட்டு அத மட்டும் வுட்டுட்டியா?"

அவன் குரலை உயர்த்தவில்லை. கலா உள்ளே போய்விட்டாள். நான்கு வருடமாக அவன் அதை மனதில் வைத்திருந்தான், தினேஷ். 'வுடு யக்கா' என்று பஸ் நிறுத்தத்தில் சொன்ன அன்றும் வைத்திருந்தான். அன்று வாசிக்கும்போது கடைசியில் என் பெயர் வந்த இடத்தை என் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டிருந்தேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். கருணாகரனைப் பழிவாங்கினேன் என்று வீடு வரைக்கும் துள்ளிக்கொண்டு வந்தவள், அவனைப்போலவே எனக்கு வேண்டாததை மறைத்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

எனக்கு மெமோ வந்தது. இரண்டு வருடம் தினமும் ரயிலேறிப் போய் மூன்று பஸ் மாறுகிற ஊருக்கு மாற்றல் வந்தது. அம்மா ஏன் இருட்டுவதற்குள் வருவதில்லை என்று நீ கோபித்துக்கொண்ட வருடங்கள் அவை. கருணாகரனையும் கம்பெனி சத்தமில்லாமல் அனுப்பிவிட்டது. கேட்டபோது எனக்குப் பொங்கல். ஆறே மாதத்தில் அவன் சொந்தமாக ஆள் எடுத்துக் கொடுக்கும் ஏஜென்சி தொடங்கினான். இப்போது ஒரகடம் சாலையில் பாதி கம்பெனிக்கு அவன்தான் ஆள் அனுப்புகிறான். ஒருவனை மேடையில் அவமானப்படுத்தினால் அவன் அழிந்துவிடுவான் என்று நினைத்த எனக்கு அது நல்ல பாடம். அவன் பலமெல்லாம் அவன் மேசைக்கு எதிரே வந்து உட்காருகிறவர்களுக்குப் படிக்கத் தெரியாததில்தான் இருந்தது. அங்கே அடித்தால்தான் வலிக்கும்.

மாற்றல் முடிந்து திரும்பி வந்ததும் புதுத் தலைமையாசிரியையிடம் அனுமதி வாங்கி ஞாயிற்றுக்கிழமைகளில் நூலகத்தைத் திறந்தேன். கம்பெனிப் பெண்களும் ஆண்களும் வரலாம். பாடம் ஒன்றே ஒன்று: கையில் கொடுக்கிற தாளைப் படிப்பது. அம்மா அங்கே கதைப் புத்தகம் கொடுக்கிறாள் என்றுதான் நீ நினைத்திருந்தாய். கதைப் புத்தகமும் கொடுக்கிறேன். ஆனால் முதலில் வேலை ஒப்பந்தம், விடுப்பு விண்ணப்பம், விலகல் கடிதம், மருத்துவச் சான்று. முதல் வகுப்புக்கு உன் மாமனும் வந்து பின்னால் உட்கார்ந்தான். நான் எழுந்து நின்று, எனக்குப் புரியாத ஒரு தாளைப் புரிந்ததுபோல நடித்து என் தம்பியை ஏமாற்றினேன் என்றுதான் ஆரம்பித்தேன். புது ஆட்கள் வரும்போதெல்லாம் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறேன். அன்று அவன் கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தான். வகுப்பு முடிந்ததும் நாற்காலிகளை ஒற்றைக் கையால் அடுக்கி வைத்துவிட்டு, "வர்ற வாரமும் வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

போன வருடம் கருணாகரன் ஏஜென்சியில் ஒப்பந்தம் புதுப்பிக்கும் நாள். என் வகுப்புக்கு வருகிற பதினோரு பெண்கள் கையெழுத்துப் போடாமல் உட்கார்ந்துவிட்டார்கள். சூப்பர்வைசர் மிரட்டிப் பார்த்தார், நடக்கவில்லை. கருணாகரனே வந்தான். அவர்களில் சேரப்பணஞ்சேரி செல்வி எழுந்து, "இதுல இன்னா போட்டுகீது சார்?" என்று கேட்டிருக்கிறாள்.

"ரொட்டீன்தாம்மா. வருஷா வருஷம் போடறதுதானே."

"அப்ப நீங்களே படிச்சு சொல்லுங்க சார். கேட்டுகினு போட்டுடறோம்."

அவன் தாளை எடுத்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான். வேலை நேரம், விடுமுறை, சீருடை. முடித்துவிட்டுப் பேனாவை நீட்டினான். செல்வி வாங்கவில்லை. "அஞ்சாவது வரிய வுட்டுட்டீங்க சார்" என்றாள். வேலையில் அடிபட்டால் பொறுப்பு தொழிலாளியுடையது என்பதுதான் ஐந்தாவது வரி. பதினோரு பேரும் தாளைப் பார்க்காமல் அவன் முகத்தைப் பார்த்தார்களாம். அந்த வரியை அவன் கையாலேயே அடித்து, ஒவ்வொரு தாளிலும் சுருக்கொப்பம் வைத்துக் கொடுத்தானாம். இதைச் செல்வியை மூன்று முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் கேட்டேன்.

இப்போது நீ. நேர்முகத்தில் உன்னிடம் என்ன கேட்டார்கள் என்று நீயே சொன்னாய். 'லோக்கல் லேடீஸ் வொர்க்கர்ஸ பேசி வழிக்குக் கொண்டுவர முடியுமா?' என்று கேட்டார்கள். 'எங்க அம்மா டீச்சர் சார், பேசவே அவங்ககிட்டதான் கத்துக்கிட்டேன்' என்று நீ பதில் சொன்னாய். சொல்லிவிட்டுச் சிரித்தாய். செல்விக்குப் பதில் சொல்ல அவனுக்கு ஆள் வேண்டும், தினேஷ். இந்த ஊர்ப் பேச்சு பேசுகிற, சிரித்த முகமான, யாரும் நம்புகிற ஒரு பையன் வேண்டும். உன் விண்ணப்பத்தில் அப்பா பெயர் மட்டும்தான் இருக்கிறது. நீ யார் மகன் என்று அவனுக்குத் தெரியாது.

உண்மையைச் சொல்கிறேன். முதல் மூன்று நாள் எனக்கு வந்த யோசனை கேவலமானது. உன்னை உள்ளே அனுப்பி, அவன் அலமாரியில் இருக்கிற தாள்களையெல்லாம் ஜெராக்ஸ் எடுத்து வரச் சொல்லலாம் என்று நினைத்தேன். நீ தூங்கி எழுந்து வந்து என் எதிரே காபி குடிக்கும்போது, உன்னை என் பிள்ளையாகப் பார்க்கவில்லை, ஒரு கத்தியாகப் பார்த்தேன். என் கோபத்துக்கு ஏற்கனவே உன் மாமன் பெயரை எடுத்து ஆண்டிருக்கிறேன். உன்னையும் எடுக்கமாட்டேன். வேலையை விடு என்றும் சொல்லமாட்டேன். உன் வேலை, உன் முடிவு. ஆனால் நான் அவனை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

கடைசியாக ஒன்று. நேற்று நீ முடிவெட்டப் போயிருந்தபோது உன் ஃபைலைத் திறந்தேன். கேட்காமல் திறந்தது தப்புதான். நீ எனக்கு முதல் பக்கத்தை மட்டும்தான் காட்டினாய். சம்பளம், பதவி, பெயர். நான்காம் பக்கம் ஒன்று இருக்கிறது. அதை இரண்டு முறை படித்தேன், இந்தத் தடவை நிஜமாகவே படித்தேன். தேதி போடாத விலகல் கடிதம் ஒன்றில் முன்கூட்டியே கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறேன், நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் அதில் தேதியிட்டுக்கொள்ளலாம் என்று நீ சம்மதித்திருக்கிறாய். நீ, என் மகன், எம்பிஏ. அடியில் உன் கையெழுத்து அழகாக இருக்கிறது. படிக்காமல்தான் போட்டிருப்பாய். உனக்கு ஆங்கிலம் புரியாமல் இல்லை. வேலை கிடைத்த சந்தோஷத்தில் படிக்க உனக்கு அவசியம் தோன்றவில்லை. எனக்கு வெட்கம், உனக்கு அவசரம். இரண்டையும் அவன் நன்றாக அறிவான்.

திங்கட்கிழமை காலை ஒரகடம் ஆபீசில் அவனே உங்களையெல்லாம் வரவேற்றுப் பேசிவிட்டு, மதியம் ஓசூருக்குப் பயிற்சிக்கு அனுப்பப்போகிறான் என்றாய். எத்தனை பேர் சேருகிறீர்களோ, அத்தனை பேர் ஃபைலிலும் அந்த நான்காம் பக்கம் இருக்கும். ஏதாவது சந்தேகம் இருக்கிறதா என்று அவன் கேட்பான், எல்லாரும் கேட்பதுபோல. அப்போது கையைத் தூக்கு. எழுந்து நின்று அந்தப் பக்கத்தைச் சத்தமாகத் தமிழில் வாசி. உன் பெயரையும் உன் கையெழுத்தையும் சேர்த்து வாசி, விரலால் மறைக்காதே. அந்த விலகல் கடிதத்தைத் திருப்பிக் கேள். கொடுத்தால் ஓசூருக்குப் போ. கொடுக்காவிட்டால் வீட்டுக்கு வா, சோறு இருக்கிறது. எப்படியானாலும் வெளியே வந்ததும் எனக்கு போன் பண்ணு. அவன் முகம் எப்படி இருந்தது என்று முதலில் சொல். சாப்பிட்டாயா என்று நான் அப்புறம் கேட்டுக்கொள்கிறேன்.

அம்மா